இங்கியே சொல்றேன் மேடம்

“ரூமுக்கு வந்து என்கிட்ட தனியா சொல்றியா, இங்கேயே சொல்றியா?” என்று கேட்டார் நீதிபதி.

“இங்கியே சொல்றேன் மேடம்” என்றாள் மோனிகா.

திருவள்ளூர் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் இருந்த சுகிர்தாவால் அதை நம்ப முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லவே திணறுகிற பிள்ளை. கவரைப்பேட்டைக் கடையில் பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட, சுகிர்தாவின் முந்தானையை இழுத்துக் காதில் சொல்லி, அவளைக் கேட்க வைக்கும். ஆறாம் வகுப்பு வந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை.

பள்ளி விடுமுறையில் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கு.

முன்வரிசையில் வக்கீலுக்குப் பக்கத்தில் எட்வர்ட் உட்கார்ந்திருந்தான். கும்மிடிப்பூண்டி கம்பி ஃபேக்டரியில் ஃபோர்மேன். அவன் ஒரு பார்வை பார்த்தால் பத்துப் பேர் வாயை மூடுவார்கள். மகளிடம் அவன் என்ன சொல்லிவைத்திருக்கிறான் என்று சுகிர்தாவுக்குத் தெரியும்.

நேற்றுத் தலை வாரும்போது மோனிகா தன் மனதில் இருப்பதை அவளிடம் சொல்லியிருந்தாள்.

“நைனா கோச்சுக்கினா?”

“கோச்சுக்கட்டும். கேக்கப்போறது உன்னத்தான. உனக்கு இன்னா வேணுமோ அத்தச் சொல்லு.”

இப்போது மோனிகா திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், இனி வாயைத் திறக்கமாட்டாள்.

மோனிகா நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

“லீவு வுட்டா எங்கம்மா கூட இருக்கணும் மேடம். வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு நைனா. எனக்கு வேணும். மாசத்துல ஒரு நாளு பாத்துட்டுப் போறது பத்தல.”

மின்விசிறியின் கடகடப்பையும் மீறி அந்தக் குரல் கடைசி பெஞ்சு வரை வந்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

சுகிர்தாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத பெண்ணிடம், “எங்க ஊட்டுப் பொண்ணு” என்றாள்.

“அம்மா முன்னாடி வாங்க” என்றார் நீதிபதி.

முன்வரிசையின் மறுகோடியில் இருந்து கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள். மோனிகா ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மோனிகாவைப் பெற்றவள் கிரேஸ். விவாகரத்துக்குப் பிறகு எட்வர்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் சுகிர்தா.

கோடை லீவு முழுக்க வீடு வெறிச்சோடிக் கிடக்கும். எட்வர்ட் பல நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டான். இரண்டும் நேற்றே அவளுக்குத் தெரியும்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “அம்மா அழறாங்க, அப்பா பேசவே மாட்டேங்கிறாரு. நீ மட்டும் யார் மாதிரி இவ்வளவு தைரியமா இருக்கே?”

மோனிகா கிரேஸைக் கட்டியிருந்த கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

“எங்க சித்தி மாதிரி.”

எல்லோரும் திரும்பினார்கள். கிரேஸும் பார்த்தாள். எட்வர்ட் முறைத்தான்.

சுகிர்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி எழுந்து நின்றாள்.