எதிர் வரிசையில் ஓர் இடம்

அமெரிக்காவின் எடிசன் நகரப் பள்ளி விளையாட்டுக் கூடத்தின் உயர்ந்த சன்னல்கள் வழியே மாலை வெயில் தரையில் சாய்ந்து கிடக்க, நவராத்திரிக் கோலாட்டத்தில் முந்நூறு பேரின் கோல்கள் ஒரே தாளத்தில் மோதுகின்றன. ஜூனில் இறந்துபோன அக்கா ஜாக்ருதியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு பினல் ஆடுகிறாள். எதிர் வரிசையில் ஓர் ஆள் குறைகிறது. வரிசைகள் நகர நகர, அந்த வெற்றிடம் எதிரே வரும்போதெல்லாம் பெண்கள் சிரித்தபடி காற்றில் கோலை வீசிவிட்டு நகர்கிறார்கள். இப்போது அது பினலுக்கு எதிரே வருகிறது. அவளும் கோலை வீசுகிறாள். வெற்றிடத்திலிருந்து அவள் கோல்மேல் டக்கென்று அடி விழுகிறது, மணிக்கட்டு அதிர்கிறது. "என்னடி மரம் மாதிரி நின்னுட்ட? நகருடி!" என்று பின்னாலிருந்து பால்குனி சித்தி கத்துகிறாள். "இங்க ஆள் இருக்கு சித்தி." வரிசை முட்டிக்கொண்டு நிற்கிறது. பினல் மறுபடியும் கோலை நீட்டுகிறாள்; இந்த முறை அடி மெல்ல, அக்கா அடிப்பதுபோலவே கை வலிக்காதபடி விழுகிறது.