பிள்ளையார் சுழிக்குக் கீழே

நோட்டைத் திறந்து பார்த்தாள். இன்றும் ஒன்றுமில்லை.

மூன்று மாதமாக ஓட்டல் அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று பேனாவை நூலில் கட்டிப் போட்டிருந்தாள். அந்தக் கவலைக்கு அவசியமே இருக்கவில்லை. பேனாவைத் தொட ஆளில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து, மாலை டிபனுக்கு இன்னும் அடுப்பு மூட்டாத நேரம். ஆபிரகாம் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க நன்றாகவே பாடுபட்டார்கள்.

காலையில் ஒரு டீச்சர் வந்து நின்றாள். நேற்று இங்கே இட்லி சாப்பிட்ட மகளுக்கு விடாத வாந்தி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது.

டீச்சர் சத்தம் போடவில்லை.

"நீங்க நர்ஸா இருந்தவங்கன்னுதான் நம்பி வந்தோம்."

அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம்.

முந்தின நாள் சட்னியைப் புதுச் சட்னியோடு கலந்திருக்கிறார்கள். பாத்திரத்தில் இருந்த மிச்சத்தை மோந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார் கலந்தது? எத்தனை நாளாக நடக்கிறது? கேட்டுப் பார்த்தாள். வாயைத் திறப்பாரில்லை.

தெரியாமல் போனால் நாளைக்கும் கலப்பார்கள். நாளைக்கு வேறொரு பிள்ளை.

இருபது வருடம் வார்டில் நின்றவள். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு அவள் இன்னும் சிஸ்டர்தான். ஓட்டல் வைத்தபோது வார்டிலிருந்து மூன்று பாடங்களைக் கையோடு கொண்டுவந்தாள். காதில் விழுந்ததைத் திருப்பிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியே போகும் தட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டும். தவறு நடந்தால் நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் திட்டு கிடையாது, சம்பளத்தில் பிடிக்க மாட்டாள். மறுபடி நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் இரண்டும் படிந்துவிட்டன. 'நாலாம் டேபிள், ரெண்டு ஊத்தப்பம், வெங்காயம் வேண்டாம்' என்று ஆபிரகாம் கூவினால், பொன்னுத்தாய் அப்படியே திருப்பிக் கூவுவாள். இப்போதெல்லாம் யாராவது 'மழை வருது' என்றால்கூட அவளும் 'மழை வருது' என்கிறாள்.

மூன்றாவது சுவரில் தொங்குகிறது.

"ஏன் யாருமே எழுதல?"

பொன்னுத்தாய் துருவுவதை நிறுத்தினாள்.

"ஆயுத பூசைக்கு மஞ்ச குங்குமம் வச்ச நோட்டு, சிஸ்டர். பிள்ளையார் சுழிக்குக் கீழ போயி தப்பையா எழுதச் சொல்லுதீய?"

கணக்கு நோட்டுகளோடு இதையும் பூசையில் வைத்தது சிஸ்டர்தான். முதல் பக்கத்தில் சுழி போட்டு, அடியில் 'லாபம்' என்று எழுதியதும் அவளேதான். புத்தி போன போக்கு.

ஆனாலும் அது சாக்கு. எழுதவிடாமல் தடுப்பது பயம். அவளுக்கா தெரியாது?

வார்டிலும் இதே மாதிரி ஒரு நோட்டு இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் ஒரு வரி கிடையாது.

நோட்டை ஆணியிலிருந்து கழற்றினாள். பேனாவின் நூல் எட்டவில்லை. அறுத்தாள்.

லாபத்துக்குக் கீழே எழுதினாள். நாலு வரிதான். அதற்கே இட்லி வேகிற நேரம் பிடித்தது.

எழுதியதைப் பொன்னுத்தாயின் முன்னால் விரித்து வைத்தாள்.

பொன்னுத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைப் பழக்கம், சத்தமாகவே படித்தாள்.

"ஆறு வருடத்துக்கு முன்... ஏழாம் பெட்டுக்கு... மருந்தை மாற்றிப் போட்டது நான். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஜெசிந்தாதான் செய்தாள் என்று... வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் பேசாமல் நின்றேன்."

ஆபிரகாமின் கைத்துணி மேசை மேலேயே நின்றுவிட்டது.

ஆறு வருடமாக உள்ளேயே கிடந்தது இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் அவள் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனது கண்முன்னே வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு இவள் பயந்து நின்றாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கு, சிஸ்டர்?"

தெரியாது.

இதை அவள் யாரிடமும் கேட்டதேயில்லை.

பொன்னுத்தாய் தேங்காய் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள்.

எழுதவில்லை.

கீழே வைக்கவும் இல்லை.