இன்னும் ஒரு பைப்

“குறுக்க இன்னொரு பைப்பு போடுங்க தம்பி” என்றாள் ஷர்மிளா.

உஸாமா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான். நாயுடுபுரத்தில் அவன் பட்டறை போட்ட நாளிலிருந்து, பந்தய வண்டிக்காரர்களின் மனைவிமார் சண்டை போடத்தான் வந்திருக்கிறார்கள். பைப் கேட்டு வந்தது இவள் ஒருத்திதான்.

அவள் கணவன் சிவமுருகன் போன வருஷம் பள்ளங்கிச் சரிவில் ஏறும் பந்தயத்தில் ஜீப்போடு உருண்டவன். தோள்பட்டை உடைந்து கிடந்தவனுக்கு இவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். இவள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே சரிவுக்குப் பேர் கொடுத்திருந்தான்.

கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க, கூரையில்லாத அந்த வண்டிக்கு இரும்புக் கூண்டு வேண்டும். உஸாமாவுக்கு இதுதான் முதல் கூண்டு. நன்றாக அமைந்தால் மலையில் ஓடும் பந்தய வண்டியெல்லாம் கூண்டுக்கு அவனைத் தேடித்தான் வரும்.

“அக்கா, கனமில்லாத பைப்பும் இருக்கு. பலம் இதே பலந்தான்.”

“வேண்டாம், கனமானதே போடுங்க. இது எத்தனை கிலோ இருக்கும்?”

இரும்பு என்றால் எடைதான் எல்லோருக்கும் கண்ணில் படும் போல என்று நினைத்துக்கொண்டு போட்டான். மூலைக்கு மூலை தகடு கேட்டாள், வைத்தான். காலடியிலும் பைப் கேட்டாள்.

“கீழ எதுக்குக்கா?”

“கெடக்கட்டும், போடுங்க.”

பக்கத்தில் நின்ற சிவமுருகனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா உஸாமா, எம்மேல எம்புட்டு அக்கறை!”

சனிக்கிழமை சரிவில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி உறுமியது, பாதி மேடு ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. சக்கரங்கள் சேற்றை மட்டும் வாரி இறைத்தன. திரும்பத் திரும்ப அதே கதை. சிவமுருகன் கூண்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான், பத்திரமாக.

உஸாமாவுக்கு மானம் போயிற்று. ஷர்மிளாவைத் தனியே கூப்பிட்டான்.

“என் தப்புத்தான்க்கா, கனம் கூடிப்போச்சு. வெரசா பட்டறைக்குக் கொண்டாரச் சொல்லுங்க. காலடிப் பைப்பையும் தகட்டையும் அறுத்து எடுத்துட்டா நாளைக்குச் சிட்டாப் பறக்கும்.”

ஷர்மிளா கணவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எடுத்துராதீங்க தம்பி. ஏறக் கூடாதுன்னுதானே இத்தனையும் போடச் சொன்னேன்!”