மே மாதப் பனி

மோகனூர்க் கோழி இறைச்சிக் கிடங்கில் அப்போது இருந்தவர்கள்: உரிமையாளர் கதிர்வேல், மனைவி சௌந்திரம், மலையேற்றக் குழு நடத்தும் மகள் தனப்பிரியா.

“மே மாசம் மலையில வெயில் ஏறினா பனி இளகிச் சரியுமுங்கப்பா. நடுராத்திரி கெளம்பி, வெயிலுக்கு முன்னால உச்சியத் தொட்டுட்டு எறங்கீருவோம்,” என்றாள் தனப்பிரியா.

“திட்டமெல்லாஞ் செரி. குளிரு தாங்கோணுமில்ல?” என்றார் கதிர்வேல்.

“தாங்கலாமுங்க.”

“வாயில சொன்னா ஆச்சா? நம்ம கோழி வெக்கற குளிர் ரூம்புல அரை மணி நேரம் இருந்து காட்டினாத்தான் அனுப்புவேன்.”

தனப்பிரியா பையிலிருந்து தடித்த மலைச்சட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். சௌந்திரம் அதை வாங்கிச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள்.

“ஏனுங்க, ஒரு மணி நேரமே வெச்சுக்கோங்க. இத்தன வருசமா உள்ள போயி கோழி அடுக்கறது ஆருன்னு நெனச்சீங்க?” என்றபடி உள்ளே போனாள்.

கதிர்வேல் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.