தெரேசாம்மாவோட நாக்கு

அமலன், வயசு இருபத்திமூணு, சொந்த ஊரு ராயப்பன்பட்டி. இப்ப பெட்டி படுக்கையோட நிக்கிறது போர்ச்சுகல்ல ஒரு ஒயின் ஆலை வாசல்ல.

அந்த மலைப்பக்கம் எல்லா ஆலைக்கும் ஒயின் பக்குவம் சொல்லிக்கொடுத்த தெரேசாம்மா செத்து எட்டு மாசமாச்சு. ஆனா அவங்க ருசி முழுக்க ஒரு கருவியில ஏத்தி வச்சிருக்காங்க. தொட்டியில முக்குனா அவங்க குரல்லயே தீர்ப்பு சொல்லும்.

இன்னைக்குக் காலையில நினைவுக் கூட்டம். எல்லாரும் பார்க்க ஏழாம் தொட்டியில கருவியை முக்குனாங்க. "அருமை, பாட்டில்ல அடைங்க"ன்னுச்சு. சிலபேரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அமலனுக்குப் பொறுக்கல. உசிரோட இருந்தவரைக்கும், தொட்டி கழுவுனவன் ஒரு மடக்கு குடிச்சுப் பார்த்துச் சொல்லாம தெரேசாம்மா எதையும் அடைக்க விட்டதில்ல. ஏழாம் தொட்டியைக் கழுவுனது அமலன்தான். அவனே போயி குடிச்சான். காடியாட்டம் புளிச்சுது.

"கெட்டுப்போச்சு சார். அவங்க பேரை ஒட்டி இதையா விக்கப்போறீங்க?"

"அம்மாவே நல்லாருக்குன்னுட்டாங்க. தொட்டி கழுவுற நீ யாருடா?"ன்னாரு மேனேஜர்.

"அம்மாவா இருந்தா என்னையத்தான் முதல்ல கேட்டிருப்பாங்க."

"கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னது பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லன்னா வேலையும் இல்ல விசாவும் இல்ல"ன்னாரு மேனேஜர். அவன் போடவே இல்ல.

இப்ப வாசல்ல ரெண்டு கையிலயும் பெட்டி படுக்கை. அதான் வீட்டுக்கு எழுத வேண்டியதை போன்கிட்ட வாயால சொல்றான்: "அப்பாவோ அக்காவோ, இதை யாரு படிச்சாலும் சரி, கையெழுத்துப் போட்டுருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."