நான்காவது பெட்டி

சலவைக்கடையின் பின்னறையில், சாய்வெயிலில், ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்று புதுசுபோல் மின்னுகிறது. சேகரிப்பாளர்கள் அறிந்தவரை இந்த ரகத்தில் மிஞ்சியவை மூன்றுதான், இது நான்காவது. இதை வாங்கப் பதினோரு மணி நேரம் பஸ்ஸில் வந்த சேகரிப்பாளர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதன் பின்பலகையைக் கழற்றுகிறார். படக்குழாயும் இல்லை, சர்க்யூட் போர்டும் இல்லை. சோப்புத்தூள் வாசனைதான் முகத்தில் அடிக்கிறது. "உள்ள இருந்ததெல்லாம் எங்கேம்மா?" என்கிறார். "ஒரே தூசியும் ஒயருமா அடைஞ்சு கிடந்துச்சு சார். நேத்துதான் பழைய இரும்புக்காரர் இங்கயே போட்டு உடைச்சு, செம்பை மட்டும் எடுத்துட்டுப் போனாரு," என்கிறார் கடைக்காரம்மா. "நீங்கதானே போன்ல சொன்னீங்க, நான் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வைங்கன்னு." அவர் பல்லைக் கடிக்கிறார். யாரை நொந்துகொள்வது? திரை இருந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் கடைக்காரம்மாவின் முகம், ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்கிறது.