வேறு பேரில் தேடி வந்த பிள்ளைகள்

ஆஸ்பத்திரி வாசலில் உச்சிவெயில் தார் ரோட்டை இளக்குகிறது. உள்ளே என் பேத்தி ஸமீஹா லாரியில் அடிபட்டுக் கிடக்கிறாள். அவளுக்குச் சேருகிற ஓ நெகட்டிவ் ரத்தம் இருப்பில் இல்லை, சொந்தத்திலும் யாருக்கும் இல்லை. மூணு பொம்பளப் பிள்ளைகள் காவலாளியிடம், "நிலாத்துளி எந்த வார்டு அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். முடியில் நீலச் சாயம், கை நிறையப் பாசிமணி. அப்படி யாருமில்லை என்று அவன் விரட்டுகிறான். "கூத்துப் பாக்க வேற எடம் இல்லியாட்டி?" என்று நானும் அதட்டுகிறேன். ஒருத்தி, வள்ளியூர் முத்துராணியாம், போனை நீட்டுகிறாள். "கொரியாப் பாட்டுக் குழு ரசிகருங்க தாத்தா. குரூப்புல எல்லாருக்கும் வச்சுக்கிட்ட பேருதான், இவளுக்கு நிலாத்துளி. ரத்தம் வேணும்னு அவ தங்கச்சி போட்டிருக்கா, நெசப் பேரப் போட மறந்துட்டா. நாங்க இவள நேர்ல பாத்ததே இல்ல." படத்தில் சிரிப்பது என் ஸமீஹா. நேரில் பார்த்தேயிராதவளுக்கு யாராவது பஸ் ஏறி வருவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் முத்துராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். அவள் ரத்தம் சேருகிறது. மற்ற ரெண்டு பேருக்கும் வயசு பத்தாது என்று நர்ஸம்மா திருப்பிவிடுகிறாள். இன்னும் ரெண்டு பாக்கெட் வேணுமாம். ரெண்டு பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து போனில் யார் யாரையோ கெஞ்சுகிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்து, பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையையும் மறித்து, "பாட்டுக் குழுவா தாயி நீ?" என்று கேட்கிறேன். ஒருத்தி பயந்துபோய், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னை விட்டு விலகி நடக்கிறாள்.